குழாயக்கா சொன்ன இரண்டு பொய்கள்

எண்டோஸ்கோபி அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுப்பவர் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவள் குழாயக்கா. வயிற்றுக்குள் விளக்கும் கேமராவும் வைத்து விடுகிற அந்தக் கறுப்புக் குழாயை எடுத்துக் கொடுப்பது, நோயாளியின் பல்லுக்கு நடுவே வளையம் மாட்டுவது, உள்ளே ரத்தம் வந்தால் அதைப் பிடிக்கும் கிளிப்பை டாக்டர் கேட்பதற்குள் நீட்டுவது, எல்லாம் முடிந்ததும் குழாயைக் கழுவுவது ஆகியவை அவள் வேலை.

கழுவுவது என்றால் பாத்திரம் கழுவுவதைப் போல அல்ல. முதலில் குழாயைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்து, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோலக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உள்ளே ஓடும் ஒவ்வொரு துவாரத்திலும் நீளப் பிரஷ்ஷை விட்டு இழுக்க வேண்டும். பிறகு மருந்தில் ஊறவைத்து, அலசி, காற்றில் உலர்த்தி, அலமாரியில் தொங்கவிட வேண்டும். அவள் கழுவிய குழாயில் ஒரு தூசி இருந்ததாக யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவள் வாயிலிருந்து தப்ப முடியாது என்பதும் ஒரு காரணம்.

அவளுக்கு நாக்கு நீளம். பெரிய மனிதர்களின் குடலை உள்ளே போய்ப் பார்த்தவளுக்கு அவர்களுடைய பதவி மேல் பெரிய மரியாதை வருவதில்லை. "வெளிய கோட்டும் டையும். உள்ள எல்லாருக்கும் அதே சளியும் பித்தமும்தான்" என்பாள். அவள் கணவர் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். ஏறுவது, இறங்குவது இரண்டைத் தவிர உலகத்தைப் பற்றி வேறு கருத்து இல்லாதவர். வீட்டில் பேச்சு முழுவதையும் மனைவிக்கே குத்தகைக்கு விட்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை நாலாவது மாடியில், ரத்தப் புற்றுநோய் வார்டில், ஒரு வீட்டுத் தரகரைச் சேர்த்தார்கள். அறுபத்தொரு வயது. ஏற்கெனவே ஆறு மாதமாக அங்கே வந்து மருந்து ஏற்றிக்கொண்டு போகிறவர்தான். இந்த முறை இரண்டு நாளாகத் தார் மாதிரிக் கறுப்பாக மலம் போய், தலை சுற்றிக் கீழே விழுந்து வந்திருந்தார். உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. எங்கே என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி குழாயை விட்டுப் பார்ப்பது. குழாய் இருந்தது தரைத்தளத்தில்.

நாலாவது மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடுவே மூன்று மாடிகளும் ஒன்றரை வருஷத்துச் சண்டையும் இருந்தன.

மேலே ஆட்சி செய்தவர் ரத்த டாக்டர் அம்மாள். கீழே வயிற்று டாக்டர். ஒரு மாநாட்டு விருந்தில் வயிற்று டாக்டர் பத்துப் பேர் முன்னால், மேடத்துக்குக் கையில் வேலை இல்லை, பேனாவில்தான் வேலை என்று சிரித்திருக்கிறார். மேடம் தட்டைக் கீழே வைக்காமலே, விளக்குப் போட்டுக் குழாய்க்குள் பார்ப்பது பிளம்பர் செய்கிற காரியம்தானே என்று கேட்டிருக்கிறார். அன்றோடு பேச்சு நின்றது. ஒருவர் லிஃப்டில் இருந்தால் மற்றவர் படியேறுவார். இருவருக்கும் அதனால் உடம்பு நன்றாக இருந்தது. நோயாளிகளுக்குத்தான் கஷ்டம்.

பேச்சுதான் இல்லையே தவிர, கடிதப் போக்குவரத்து அமோகமாக நடந்தது. தரகரின் கேஸ் ஷீட்டில் மேடம் எழுதினார்: "மதிப்பிற்குரிய சக மருத்துவருக்கு, நோயாளிக்கு உள் ரத்தக்கசிவு. தாங்கள் எண்டோஸ்கோபி செய்து உதவுமாறு அன்புடன் வேண்டுகிறேன்." கீழேயிருந்து பதில் போனது: "தங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. தட்டணு எண்ணிக்கை பதினோராயிரம் மட்டுமே உள்ளது. ஐம்பதாயிரத்துக்கு மேல் உயர்த்தி அனுப்பினால் செய்யச் சித்தமாக இருக்கிறேன்." ஒரு மனிதன் ரத்தமாகக் கழிந்துகொண்டிருக்கும் கடிதத்தைக் கண்டு என்ன மகிழ்ச்சி என்று குழாயக்காவுக்கு விளங்கவில்லை.

தட்டணு என்பது ரத்தத்தில் மிதக்கும் சின்னச் சின்ன அடைப்பான்கள். எங்கே ஓட்டை விழுந்தாலும் ஓடிப்போய் அடைப்பவை அவைதான். நல்ல உடம்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். தரகரின் எலும்புக்குள் இருந்த நோயும், அதற்குக் கொடுத்த மருந்தும் சேர்ந்து அவற்றைத் துடைத்துவிட்டன. பை பையாக ஏற்றினார்கள். ஆறு மாதமாக ஊரார் தட்டணுவையே வாங்கிப் பழகிய உடம்பு இப்போது அவற்றை அந்நியர் என்று அடையாளம் கண்டு காலி செய்தது. விடியற்காலையில் இருபத்து மூவாயிரம். பத்து மணிக்குப் பதினாலாயிரம். ரத்தம் நின்றால்தான் எண்ணிக்கை தங்கும், எண்ணிக்கை தங்கினால்தான் குழாய் விடுவார்கள், குழாய் விட்டால்தான் ரத்தம் நிற்கும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

செவ்வாய்க்கிழமை காலை அவரைப் பட்டினி போட்டுச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவந்தார்கள். வாசலிலேயே எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். புதன்கிழமையும் பட்டினி, நாற்காலி, வாசல், திருப்பம். இரண்டு நாளும் மத்தியானம் அவருக்கு ஒரு வாய் கஞ்சி கொடுத்ததும், நாளைக்குப் பரிசோதனை இருக்கிறது என்று மறுபடி வாயைக் கட்டினார்கள். அவர் மனைவி கையில் ஒரு ஃபிளாஸ்கை வைத்துக்கொண்டு, அதைத் திறக்கலாமா கூடாதா என்று வருகிற போகிற வெள்ளைக் கோட்டுகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை திருப்பி அனுப்பப்பட்டவரை மேலே தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லை. குழாயக்காவே நாற்காலியைப் பிடித்தாள். அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். வெளுத்து, வீங்கி, புருவ முடிகூட உதிர்ந்துபோயிருந்தாலும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்த தரகர். வீட்டுக்காரரிடம் அவளை டாக்டருக்கு அடுத்த பதவி என்று சொன்னவர். அவளிடம் வீட்டுக்காரர் தங்கமான மனிதர், குளியலறை புதுசு என்று சொன்னவர். அந்தக் குளியலறை அன்றிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷமாகக் காலையில் முதல் செம்புத் தண்ணீரோடு அவரைத் திட்டித்தான் அவள் குளிக்கிறாள்.

ஒரு லிஃப்ட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவள் கணவர் பள்ளத்துக்குள் நின்றிருந்தார். இன்னொன்று வர நேரமானது. தரகரும் அவளை அடையாளம் கண்டு பேச ஆரம்பித்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"ஏம்மா, இந்த ரெண்டு டாக்டரும் ஒரே கட்டடத்துலதான இருக்காங்க?"

"ஒரே லிஃப்ட்ல ஏற மாட்டாங்க."

"அப்ப இது வைத்தியம் இல்ல. வீட்டு விவகாரம். என் தொழில்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினார். வீட்டுக்காரன், அவன் வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்திருப்பான். குடி வருகிறவன், அவன் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருப்பான். நடுவில் வீடு பூட்டிக் கிடக்கும். தரகர் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய், மற்றவர் சம்மதித்துவிட்டார், உங்களைப் பற்றி உயர்வாகப் பேசினார் என்று சொல்வார். அவ்வளவுதான் தொழில் ரகசியம்.

"அது பொய்யாச்சே" என்றாள்.

"நான் சொல்லும்போது பொய். அவங்க கையெழுத்துப் போடும்போது உண்மை ஆயிடும். உன் வீட்டையே எடுத்துக்கோயேன்."

"என் வீட்டை எடுத்துக்காதீங்கண்ணே. ஒழுகுது."

தரகர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ பட்டது. அதை மடித்து, கூட நின்ற தன் மனைவி பார்க்காத பக்கமாக வைத்துக்கொண்டார்.

லிஃப்ட் வந்ததும் குழாயக்கா நாற்காலியை உள்ளே தள்ளினாள். கட்டிலில் அவரை ஏற்றிய பிறகு, மனைவி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கேட்டாள். "நாளைக்குக் குழாய் விட்டு, மேசையிலேயே ஏதாவது ஆச்சுன்னா?"

"இங்க படுத்திருந்தாலும் ஆகத்தான் போகுது. இங்க ஆனா கடிதம் எழுதுவாங்க. அங்க ஆனா யாராவது கையைப் புடிச்சுக்கிட்டிருப்பாங்க."

கீழே வந்தவள் நேராக வயிற்று டாக்டரிடம் போகவில்லை. குழாயைக் கழுவியபடி யோசித்தாள். அவர் பயந்தாங்கொள்ளி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரித் தட்டணு குறைந்த ஒரு பெண்ணுக்குக் குழாய் விட்டு, பரிசோதனைக்கென்று உள்ளே ஓர் இணுக்குச் சதையைக் கிள்ளினார். அந்த இடத்தில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. அன்று அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொன்னவரும் அவர்தான். அதிலிருந்து ஐம்பதாயிரம் அவருக்கு வெறும் எண் அல்ல. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவன் பிடித்துக்கொள்ளும் கம்பி. கம்பியை விடு என்று சொன்னால் விடமாட்டார். இன்னொரு கை கிடைத்தால் விடுவார்.

மேடத்தின் கணக்கு வேறு. கிள்ள வேண்டாம், பார்த்து ஓட்டையை அடைத்துவிட்டு வந்தால் போதும், தட்டணு குறைவாக இருந்தாலும் அதைச் செய்யலாம், உலகத்தில் பல இடங்களில் செய்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அதைக் கடிதத்தில் எழுதினால் பிளம்பரிடம் கெஞ்சியது ஆகிவிடும் என்று எழுதவில்லை.

ஆகவே குழாயக்கா முதலில் மேலே போனாள். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்ன என்பதுபோலப் பார்த்தார்.

"சார் ஒண்ணு சொல்லச் சொன்னார் மேடம். தட்டணுப் பையைப் பக்கத்துலயே ஓடவிட்டுக்கிட்டு மேடமும் கூட நின்னா, எண்ணிக்கை எவ்வளவா இருந்தாலும் செய்றேன்னார். மேடத்துக்குத் தெரியாத ரத்தமான்னார்."

அவரா அப்படிச் சொன்னார் என்று கேட்டார் மேடம். அவரேதான் என்றாள் குழாயக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, காலை எட்டு மணிக்கு இரண்டு பை தயாராக இருக்கும், நானே வருகிறேன் என்றார்.

இனி கீழே சொல்ல வேண்டியது பாதிப் பொய்தான். மேடம் தானாகவே கூட வந்து நிற்கிறாராம் என்று சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே. "சார் கை சுத்தமான கை, அவர் செஞ்சா எனக்குப் பயமில்லைன்னு சொன்னாங்க சார்" என்று ஒரு பிடி சேர்த்துப் போட்டாள். வயிற்று டாக்டர் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். குழாயக்கா இரண்டே பொய்யில் முகூர்த்தம் குறித்துவிட்டாள்.

வியாழக்கிழமை எட்டரை மணிக்குத் தரகர் இடது பக்கமாகச் சாய்ந்து மேசையில் படுத்தார். ஒரு கையில் மஞ்சள் நிறத்தில் தட்டணு இறங்கியது, மறுகையில் சிவப்பாக ரத்தம். எண்ணிக்கை பதினாறாயிரம். முழுக்க மயக்காமல், தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து அடித்து, கொஞ்சம் தூக்கம் மட்டும் கொடுத்தார்கள். குழாயக்கா வளையத்தை மாட்டினாள். மேடம் மேசையின் தலைமாட்டில் நின்று திரையைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்று தீர்மானித்திருந்தார். வயிற்று டாக்டரும் அப்படியே. இருவர் பார்வையும் கடைசியில் தரகரின் இரைப்பைக்குள்தான் சந்தித்தது.

உள்ளே ஒரே கருமை. காப்பித் தூள் கரைத்ததுபோலப் பழைய ரத்தம். தண்ணீர் அடித்து, உறிஞ்சி, மறுபடி அடித்து, மறுபடி உறிஞ்சினார்கள். புண் இல்லை. கட்டி இல்லை. வயிற்று டாக்டரின் கழுத்தில் வியர்வை இறங்கியது. குழாயை வெளியே இழுத்துவிடலாம் என்று அவர் நினைத்தது குழாயக்காவுக்கு அவர் மணிக்கட்டிலேயே தெரிந்தது.

"மேல, கொஞ்சம் இடது பக்கம்" என்றார் மேடம்.

ஒன்றரை வருஷத்தில் முதல் வார்த்தை. அவர் குழாயை வளைத்தார். இரைப்பையின் மேல் வளைவில், குண்டூசி முனை அளவுக்கு ஒரு ரத்தக்குழாய் தலையை நீட்டிக்கொண்டு, துடிப்புக்குத் துடிப்பு பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"தெரியுது" என்றார் அவர்.

முதல் கிளிப் வழுக்கி விழுந்தது. அவர் கேட்பதற்குள் அடுத்த கிளிப் குழாய்க்குள் போய்விட்டிருந்தது. குழாயக்கா கைப்பிடியைத் திறந்தாள். அவர் "ம்" என்றதும் மூடினாள். பீய்ச்சல் நின்றது. பக்கத்தில் இன்னொன்று போட்டார்கள். ஐந்து நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டுகூட வரவில்லை. எதையும் கிள்ளாமல் குழாய் வெளியே வந்தது.

வந்த சந்தோஷத்தில் வயிற்று டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, என் கையைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி மேடம் என்றார். என்ன சொன்னேன் என்றார் மேடம். நீங்கள்தானே என்னைக் கூப்பிட்டீர்கள் என்றும் கேட்டார். நான் எங்கே கூப்பிட்டேன் என்றார் அவர். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினார்கள். குழாயக்கா மிகுந்த பக்தியோடு பிரஷ்ஷை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் திட்டவில்லை. திட்ட வேண்டுமென்றால் இரண்டு பேரும் கலந்து பேச வேண்டும், அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் விஷயம் அலுவலகத்துக்கு எப்படியோ எட்டியது. மருத்துவர்களிடையே உண்மைக்குப் புறம்பான தகவல் பரப்பியது ஏன் என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. குழாயக்கா அதற்கு எழுத்தில் பதில் கொடுத்தாள்: "நான் சொன்னது பொய்தான். மறுநாள் காலை இருவரும் அதன்படியே நடந்துவிட்டதால், இப்போது அது பொய்யா மெய்யா என்பதை அலுவலகமே முடிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்." அலுவலகம் இன்னும் முடிவு செய்துகொண்டிருக்கிறது.

நாலு மாதம் கழித்து ஒரு மாநாட்டில், தட்டணு குறைந்த ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு எண்டோஸ்கோபி என்று இரண்டு டாக்டர்களும் சேர்ந்தே பேசினார்கள். கூட்டு முயற்சியின் மேன்மையைப் பற்றி எட்டுப் படங்கள் காட்டினார்களாம். ஆறாவது படத்தில் கிளிப்பைப் பிடித்திருந்த ஒரு கையுறை தெரிந்தது. அதைத் தொடர்ந்து ஆஸ்பத்திரி ஒரு கூட்டுக் குழு அமைத்தது. இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி இரண்டு துறைகளும் உட்கார்ந்து முடிவெடுக்குமாம். குழு பிரதி வியாழக்கிழமை கூடும். வெள்ளிக்கிழமை ரத்தம் வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று குழாயக்கா கேட்டதற்கு, படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது என்றார்கள்.

தரகர் ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். மூன்று வாரத்தில் மறுபடி கறுப்பாகப் போய்த் திரும்பி வந்தார். இந்த முறை கடிதம் இல்லை. அன்றே குழாய் விட்டார்கள். விட்டுப் பார்த்தால் அடைப்பதற்கு ஓர் இடம் இல்லை. குடலின் உள்தோல் முழுக்கப் பச்சைப் புண்ணாக இருந்து அங்கங்கே கசிந்தது. கிளிப்பை எங்கே போடுவது? மருந்தும் தட்டணுவும் ரத்தமும் ஏற்றி ஏற்றித்தான் அது நின்றது. குழாயும் கடவுள் இல்லை என்று அன்று குழாயக்கா தன் கணவரிடம் சொன்னாள். அவர் ஆமாம் என்றார்.

அதற்குப் பிறகும் தரகர் ஆறு மாதம் இருந்தார். படுத்த படுக்கையில் போனிலேயே இரண்டு வீடு முடித்துக் கொடுத்தார். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் எண்டோஸ்கோபி வாசலில் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, குளியலறை எப்படியிருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவார். கடைசியில் ரத்தம் போய் அவர் சாகவில்லை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது, எதிர்க்க உடம்பில் ஆள் இல்லை, நாலு நாளில் முடிந்துவிட்டது.

குழாயக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள். ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்தவரின் வீடு இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். சாவிக் கொத்துகள் ஆணிகளில் வரிசையாகத் தொங்கின, எல்லாம் பிறர் வீட்டுச் சாவிகள். அவர் மனைவி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எது யாருடையது என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டிக்கொண்டிருந்தார். குழாயக்காவும் உட்கார்ந்து கட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் தலை நிமிராமல் கேட்டார்.

"அன்னிக்கு முதல் நாளே குழாய் விட்டிருந்தா, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாராம்மா?"

குழாயக்கா கையிலிருந்த சாவிக்கு முடிச்சுப் போட்டாள். ஆமாம் என்று சொன்னால் அந்தம்மாள் காலமெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். இல்லை என்று மட்டும் சொன்னால் அந்த இரண்டு டாக்டர்களும் பிழைத்துப்போவார்கள்.

"ஆயுசு கூடியிருக்காதும்மா. அது நோய் எடுத்துக்கிட்டது. ரெண்டு நாள் பட்டினி போட்டாங்களே, அது மட்டும் இல்லாம போயிருக்கும்."

தரகரின் மனைவி சீட்டைக் கட்டி முடித்து அடுத்த சாவியை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"பசி தாங்க மாட்டார்" என்றார். பிறகுதான் அழ ஆரம்பித்தார்.